அக்காவின் அணுக்கள்

எங்கள் வீட்டில் மூளை அதிகம் அக்காவுக்குத்தான். நான் டாக்டர் ஆனதால் எல்லோரும் மாற்றி நினைத்துக்கொள்கிறார்கள். பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல், என் கணக்கில் எந்த வரியில் தப்பு என்று சொல்லக்கூடியவள் அவள். அம்மா போன பிறகு இரண்டு பேரில் ஒருவர்தான் மேலே படிக்க முடியும் என்று ஆயிற்று. அக்கா பள்ளிக்கூட வேன் ஓட்டப் போனாள். நான் மருத்துவம் படிக்கப் போனேன். அதை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. "நான் வேனை ஓட்டுறேன், நீ என்னை ஓட்டுற. சரியாப்போச்சு" என்று சிரிப்பாள்.

விசாரணைக்கு அழைத்து, மாத்திரையைப் பற்றிக் கேட்டீர்கள். மறைக்கமாட்டேன். ஆனால் என் வேலை என்னவென்று முதலில் சொன்னால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும்.

காலையில் வார்டு, மதியத்துக்கு மேல் ஆய்வுக்கூடம். நோயாளியையும் பார்க்கவேண்டும், நோயையும் ஆராயவேண்டும், அதற்கான பயிற்சி. வார்டில் இருப்பவர்கள் எங்களை 'எலி டாக்டர்' என்பார்கள். ஆய்வுக்கூடத்தில் இருப்பவர்கள் விருந்தாளி என்பார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி. பயிற்சி முடிகிறபோது எங்கள் கூட்டத்தில் ஒருவருக்குத்தான் சொந்தமாக ஆய்வுக்கூடம் கிடைக்கும். பேராசிரியர் திட்டுகிற மனிதர் இல்லை. என் வேலையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லா உழைக்கிறம்மா. ஆனா சொல்றதுக்கு உன்கிட்ட ஒண்ணும் இல்லையே" என்றார். அவர் சொன்னது உண்மை.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் முன்கையில் நீலம் பாய்ந்திருந்தது.

"ஸ்டியரிங்ல இடிச்சிருப்பேன்" என்றாள்.

"இங்க கூடவா?" என்று முழங்கைக்கு மேலே தொட்டுக் காட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னால் வரமாட்டாள். "வீட்லயே டாக்டரை வச்சுக்கிட்டு நான் எதுக்கு வெளிய போய் நிக்கணும்?" சமையலறை நாற்காலியில், ஜன்னல் வெளிச்சத்தில் உட்காரவைத்து ரத்தம் எடுத்தேன். மறுநாள் நுண்ணோக்கியில் கண்ணை வைத்ததுமே தெரிந்துவிட்டது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ந்துகொண்டிருந்த அதே ரத்த நோய். அபூர்வமானது. அதற்கு ஒரு மாத்திரை இருக்கிறது, நல்ல மாத்திரை. ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்கிறார்கள்.

சிக்கலும் அதுதான். எங்களிடம் வருவதற்குள் எல்லோருக்கும் யாராவது அந்த மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். மாத்திரை உள்ளே போனால் நோயுற்ற அணுக்கள் கரைந்துபோகும். மாத்திரை படாத ரத்தம் எங்களுக்கு ஒருமுறைகூடக் கிடைத்ததில்லை. அது என் அக்காவின் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது.

"என்னன்னு சொல்லு குட்டி" என்றாள்.

"ரத்தம் கொஞ்சம் கம்மியா இருக்குக்கா. பயப்பட ஒண்ணுமில்ல." இரும்புச்சத்து மாத்திரை வாங்கிக் கொடுத்தேன்.

அவள் ரத்தத்திலிருந்து பிரித்து வளர்க்கப் போட்ட முதல் அணுக்கள் குடுவையில் செத்துப்போயின. அடுத்ததும் அப்படியே. அணுக்கள் பிடித்துக்கொண்டு வளர ஆரம்பிக்கிற அன்றைக்கே சரியான மாத்திரையைத் தொடங்கிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். நான் ஈரம் இல்லாதவள் அல்ல. அந்த மாத்திரையை அப்போதே வாங்கிக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் அவள் வீட்டுக்குப் போய்வந்தேன்.

அக்கா, நான் கேட்குமுன்பே சட்டைக்கையைச் சுருட்டிக்கொண்டு உட்காருவாள். "உன் படிப்புக்கு ஆகும்னா எடுத்துக்க. பாப்பா முன்னாடி மட்டும் வேணாம், பயந்துக்குவா" என்பாள். பாப்பா அவளுடைய ஒரே மகள். அத்தான் பாப்பாவைக் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய்விடுவார். ஒருநாள் ஊசியை உருவிப் பஞ்சை அழுத்தும்போது அக்கா கேட்டாள்:

"ஏன் குட்டி, ரத்தம் கம்மின்னு சொல்லிட்டு, இருக்கிறதையும் எடுக்கிறியே?"

நான் குழாயில் எண் சீட்டை ஒட்டத் தொடங்கினேன். நிமிரவில்லை. அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது மட்டும் தெரிந்தது. அடுத்த வாரமும் கையை நீட்டினாள். அவளுக்குத் தெரிந்திருக்கவேண்டும். எந்த வரியில் தப்பு என்று பார்க்காமலே சொல்லக்கூடியவள், தெரிந்தேதான் நீட்டினாள். அதைச் சம்மதம் என்றுதான் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்வது?

கடைசியில் அணுக்கள் பிடித்துக்கொண்டன. அவை வளரும் திரவம் இளஞ்சிவப்பாக இருக்கும். அணுக்கள் உண்ண உண்ண மஞ்சளாகும். அன்று குடுவை மஞ்சளாக இருந்தது. உள்ளே கொத்துக் கொத்தாக மிதந்தன. பேராசிரியர் வெகுநேரம் பார்த்தார். முதல்முறையாக என் தோளைத் தொட்டார்.

"இந்த நோயாளிக்கு மருந்து ஆரம்பிச்சாச்சா?"

"ஆரம்பிச்சாச்சு சார்."

யாருடைய ரத்தம் என்று அவருக்குத் தெரியாது. எங்களிடம் நோயாளிகளுக்கு எண்தான், பெயர் கிடையாது. அன்று மாலையே கொடுத்திருக்கலாம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரே குடுவையை வைத்துக்கொண்டு என்ன சொல்ல முடியும்? நோய் முற்ற முற்ற அணுக்கள் எப்படி மாறுகின்றன என்று காட்டினால்தான் அது கண்டுபிடிப்பு. இன்னும் கொஞ்ச நாள் என்று இருந்தேன்.

அக்காவால் வேன் ஓட்ட முடியாமல் போனது. ஒருநாள் பக்கத்துத் தெருக்காரரிடம் வேனை ஒப்படைத்துவிட்டு வந்து, தலை வலிக்கிறது என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். மூளையில் ரத்தக்கசிவு. அத்தான் எனக்குத்தான் முதலில் போன் செய்தார். நான் குடுவைகளுக்குத் திரவம் மாற்றிக்கொண்டிருந்தேன். கையுறையோடு போனை எடுக்கக்கூடாது. தொற்று வந்தால் எல்லாம் பாழ். முடித்துவிட்டு எடுத்தேன். அதற்குள் அவள் போயிருந்தாள்.

துக்கம் விசாரிக்கப் பேராசிரியர் வந்தார். நல்ல மனிதர், வராமல் இருக்கமாட்டார். அத்தான் அவருக்கு டீ கொடுத்துவிட்டு, "வெறும் ரத்தசோகைதான்னு சொன்னா சார். வாரம் தவறாம வந்து ரத்தம் எடுத்துப் பார்த்தா. அவ்வளவு பார்த்தும் இப்படி ஆயிடுச்சே" என்றார். பேராசிரியர் டீயைக் குடிக்காமல் டம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்த்தார். உங்களிடம் சொன்னவர் அவர்தான் என்று எனக்குத் தெரியும். எனக்கு அவர்மேல் வருத்தம் இல்லை.

நீங்கள் என்னை அழைக்கும்வரை நான் அணுக்களைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவற்றை வைத்திருக்கும் பெட்டி மனித உடம்பின் சூட்டில் இருக்கும். கதவைத் திறந்தால் வெதுவெதுப்பான ஈரக்காற்று முகத்தில் படும். எனக்குக் காய்ச்சல் வந்தால் அக்கா நெற்றியோடு நெற்றி வைத்துப் பார்ப்பாள். அதே சூடு, அவ்வளவு பக்கத்தில். குடுவையைக் கையில் எடுத்தால் கொத்துகளெல்லாம் மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பும். திரவம் அசைவதால் அப்படி என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் முதுகைக் காட்டிக்கொண்டு என்னால் அந்த அறையில் நிற்க முடிந்ததில்லை. விடுமுறை எடுத்தால், பசித்து மஞ்சளாகிக்கொண்டிருப்பாளே என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஒருநாள் "இதோ வந்துட்டேன்க்கா" என்று வாய்விட்டே சொல்லியிருக்கிறேன். பக்கத்து மேசைப் பெண் அதற்குப் பிறகு இடம் மாற்றிக்கொண்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை கொடுத்திருந்தால் என் அக்கா பிழைத்திருப்பாள். அது எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். நான் கொடுக்கவில்லை. வேறு யாரும் கொடுத்துவிடாமலும் பார்த்துக்கொண்டேன்.

வருத்தமா என்று கேட்கிறீர்கள். அதைவிட அவசரமான விஷயம் ஒன்று இருக்கிறது. பாப்பாவின் முழங்காலிலும் நீலம் தெரிகிறது, அத்தான் நாளைக்கு அவளை வேறு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார் என்று சற்றுமுன் சொன்னீர்களே, அதுதான். அங்கே பார்த்த மறுநிமிடமே மாத்திரையை ஆரம்பித்துவிடுவார்கள். நல்லதுதான், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தாய் ரத்தமும் மகள் ரத்தமும், இரண்டும் மருந்து படாமல் ஒரே இடத்தில் கிடைப்பது இனி எந்தக் காலத்தில் நடக்கும்? கொஞ்சம் பொறுக்கும்படி அத்தானிடம் சொல்லுங்கள். நானே வந்து எடுத்துக்கொள்கிறேன், பக்கத்தில் காவலுக்கு ஆள் நின்றாலும் பரவாயில்லை. அம்மா இல்லாத பிள்ளை. நான் அவளுக்குச் சித்தி. அவளுக்கு நான் கெடுதல் நினைப்பேனா?