பாக்கலாம்னு சொன்ன இருநூத்து நாப்பது வீடு

ஏகநாதன்: ஒரே ஒரு கையெழுத்துக்கா. பேனா கூட நான் தரேன்.

ரத்தினபாய்: பேனா என்கிட்டயும் இருக்கு, ஏகா. முதல்ல அந்தப் பெட்டி மேலேருந்து இறங்கு. உள்ள மெஷின் இருக்கு.

ஏகநாதன்: வேற எங்க குந்துறது? ஆபீஸ் பூரா நாற்காலி மேல பெட்டி, பீரோ மேல பெட்டி... காலைல பாத்ரூம் போறதுக்கே நாலு பெட்டிய நவுத்த வேண்டியதா போச்சு.

ரத்தினபாய்: இருநூத்து நாப்பது வாக்குவம் கிளீனர். தாம்பரத்துல அவ்வளவு தூசியே கிடையாது.

ஏகநாதன்: ஜி.எஸ்.டி. ரோட்டுல நின்னு பாருங்க, நெறைய கீது. மெஷின் வாங்கத்தான் ஆள் இல்ல.

ரத்தினபாய்: வாங்கறேன்னு ஒரு வீட்டுல சொன்னாங்களா?

ஏகநாதன்: இல்ல... பாக்கலாம்னாங்க.

ரத்தினபாய்: பாக்கலாம்னா என்ன அர்த்தம்?

ஏகநாதன்: இன்னாக்கா, கொழந்தைய கேக்கற மாதிரி... வேணாம்னு அர்த்தம். மூஞ்சிக்கு நேரா சொல்லாம மோர் குடுத்து அனுப்புவாங்க.

ரத்தினபாய்: அது ஊருக்கே தெரியும். நம்ம மேனேஜர் சுந்தரராமன் சாருக்கு மட்டும் தெரியாது. நாக்பூர்ல வளர்ந்தவர். வந்த முதல் மாசமே நம்ம ரிப்போர்ட்ல 'வேண்டாம்'ங்கற கட்டத்தை எடுத்துட்டார்.

ஏகநாதன்: சேல்ஸ்மேன் வாயில அந்த வார்த்தையே வரக் கூடாதுன்னு...

ரத்தினபாய்: மிச்சம் ரெண்டே கட்டம். 'வாங்கினார்', 'பாக்கலாம்'. கதவை மூஞ்சில சாத்தினவங்களை எதுல எழுதினோம்?

ஏகநாதன்: பெருங்களத்தூர்ல ஒரு வூட்டுல நாய அவுத்து உட்டாங்க. அதையே பாக்கலாம்லதான் எழுதினேன்.

ரத்தினபாய்: அத்தனையும் கூட்டி, ஆர்டர்னு பம்பாய் ஹெட் ஆபீசுக்கு லெட்டர் போயிடுச்சு. அவங்க லாரி ஏத்தி அனுப்பிட்டாங்க. பதினோரு மணிக்கு பம்பாய் ஆபீசர் வந்து யாரு பண்ணின வேலைன்னு கேப்பார். இதுல டைப்பிஸ்ட் ஞானஜோதி எங்கேருந்து வந்தா?

ஏகநாதன்: இந்தக் காயிதம் அப்டித்தான் சொல்லுது. சார் 'விசாரித்தவர்கள்'னு எழுதிக் குடுத்தாராம். அவ 'ஆர்டர்'னு அடிச்சுட்டாளாம். அவ வேலையே எப்பவும் இப்டித்தான்னு நாம எல்லாரும் கையெழுத்து போடணும்.

ரத்தினபாய்: அந்தப் பொண்ணு லீவுல ஊருக்குப் போயிருக்கு. திரும்பி வந்து படியேறும்போது வேலை இருக்காது. அப்பாவுக்குக் கண்ணு தெரியாது, வீட்டுல சம்பாதிக்கறவ அவ ஒருத்தி. தெரியும்ல?

ஏகநாதன்: தெரியும்க்கா...

ரத்தினபாய்: நீ போட்டுட்டியா?

ஏகநாதன்: எல்லாரும் போட்டாச்சு. உங்களுது ஒண்ணுதான் பாக்கி. நேத்தே நீங்க சரின்னுட்டதா சார் சொன்னாரே.

ரத்தினபாய்: நானா? 'பாக்கலாம் சார்'னேன்.

ஏகநாதன்: சரியாப் போச்சு. உங்களையும் கட்டத்துல சேத்துட்டாரு.

ரத்தினபாய்: சிரிக்காதே.

ஏகநாதன்: சிரிக்கல. போடலன்னா உங்கள கேளம்பாக்கம் சைடு அனுப்பிடுவாராம். அங்க இன்னா கீது? உப்பளம். யாருக்கு மெஷின் விப்பீங்க?

ரத்தினபாய்: உப்பளத்துக்காரங்களுக்கு விக்கறேன். அவங்களாவது வேணாம்னா வேணாம்பாங்க.

ஏகநாதன்: சரியான பிடிவாதம்க்கா உங்களுக்கு.

ரத்தினபாய்: பதினோரு வருஷமா வீடு வீடா பெல் அடிக்கறவ. பிடிவாதம் இல்லாம முடியுமா? நான் போட மாட்டேன். போய்ச் சொல்லு.

ஏகநாதன்: லெட்டரோட காப்பி பாத்தீங்களா? கீழ மூலையில ஜி.ஜெ.ன்னு கீது. டைப் அடிச்சவங்க பேரெழுத்து. அத வெச்சுகினுதான் சார் தைரியமா கீறாரு. நீங்க வாயால அவ இல்லன்னா யாரு நம்புவாங்க?

ரத்தினபாய்: லெட்டர்ல தேதி என்ன?

ஏகநாதன்: பதினாலு.

ரத்தினபாய்: பதினாலாம் தேதி ஞானஜோதி டைப்ரைட்டரைத் தொடவே இல்ல.

ஏகநாதன்: ரெஜிஸ்டர்ல கையெழுத்து கீதே...

ரத்தினபாய்: காலைல போட்டா. பத்தே நிமிஷத்துல நான் கூட்டிட்டுப் போயிட்டேன். சிட்லபாக்கத்துல ரெண்டாவது மாடியில டெமோ. ஒண்டியா மெஷினைத் தூக்க முடியல, இடுப்பு வலி. கூட வாடின்னேன், வந்தா. நாங்க திரும்பும்போது அஞ்சரை. லெட்டர் தபாலுக்கே போயிடுச்சு.

ஏகநாதன்: ஆபீஸ் ஸ்டாஃப வெளிய கூட்டிகினு போனா டிஸ்மிஸ்னு போர்டுல ஒட்டியே கீது.

ரத்தினபாய்: தெரியும். ஒட்டினதே நான்தான்.

ஏகநாதன்: இத்தினி நாளா சொல்லவே இல்லியே...

ரத்தினபாய்: பயம். வேற என்ன? லாரி வந்த நாள்லேருந்து சோறு இறங்கல. இன்னிக்கு அந்த ஆபீசர்கிட்ட நேரா சொல்லப் போறேன்.

ஏகநாதன்: உங்க வேலை போயிடும்க்கா.

ரத்தினபாய்: போகட்டும். கூப்பிட்டது நான். என் தப்புக்கு அவ வேலை ஏன் போகணும்?

ஏகநாதன்: அப்ப... லெட்டர யாரு அடிச்சதுன்னு கேப்பாங்க.

ரத்தினபாய்: கேக்கட்டும். தெரியாதும்பேன். நிஜமாவே எனக்குத் தெரியாது. கீழ கார் வந்து நின்னுது. வழியை விடு. ...ஏய், அந்தக் காயிதத்தை ஏன் கிழிக்கறே? எல்லாரும் கையெழுத்து போட்டது...

ஏகநாதன்: எங்க கீது கையெழுத்து? ஒருத்தரும் போடல. நீங்க போட்டா மத்தவங்க கண்ண மூடிகினு போடுவாங்கன்னு முதல்ல உங்ககிட்ட வந்தேன்.

ரத்தினபாய்: உனக்கு ஏன் இவ்வளவு அக்கறை? சார் உனக்கு ஏதாவது தரேன்னாரா?

ஏகநாதன்: ஒண்ணும் தரல. லெட்டர அடிச்சது யாருன்னு அவருக்குத் தெரியவும் தெரியாது. அன்னிக்கு அவ சீட்டு காலி. டேபிள் மேல சார் எழுதின லெட்டர வெச்சுட்டு, அவ எங்கன்னு கூட கேக்காம கெளம்பிட்டாரு. அவ மாட்டிக்கக் கூடாதேன்னு நான்தான் குந்தி அடிச்சேன். பழைய லெட்டரப் பாத்து பாத்து அடிச்சதுல, கீழ கீற ஜி.ஜெ.வையும் சேத்து அடிச்சுட்டேன். பொய்க் கணக்குன்னு தெரிஞ்சே அடிச்சேன்க்கா, என் பேரு வெளிய வந்துடும்னுதான் வாயத் தொறக்கல... நடங்க, நானும் வரேன். அவரு கைப்பட எழுதினது என் பையிலதான் கீது. அதுல ஆர்டர்னுதான் எழுதி கீறாரு.