மெஷினுக்கு முன்னால் நின்றவர்

விளக்கை அணைத்தாயிற்றா? கொதாட்சு மேஜைக்கு அடியில் கணப்பு மட்டும் எரியட்டும். காலை அதன் போர்வைக்குள் நீட்டிக்கொள்ளுங்கள். நடுவில் யாரும் எழுந்து போகக் கூடாது, எனக்குக் கதை அறுந்துவிடும்.

சாயங்காலம் நாலரை மணி. பிப்ரவரி மாதம். நீகாத்தா மலைப்பாதை... அந்த நேரத்துக்கே இருட்டத் தொடங்கிவிடும், உங்களுக்குத் தெரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் வேன் உயரத்துக்குப் பனிச்சுவர். முன்னால் ஒரு வண்டி இல்லை, பின்னால் ஒரு வண்டி இல்லை. வைப்பர் மட்டும் டக்... டக்... என்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வேனில் தனியாகப் போய்க்கொண்டிருந்தவர் குசுமோத்தோ. என் நண்பன் எய்ஜியின் அக்கா புருஷன். எய்ஜி அளந்து விடுவான், அது வேறு விஷயம். ஆனால் இதை அவனுடைய அக்கா மிசாவோவே சொல்ல நான் கேட்டிருக்கிறேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது.

காசு போட்டு விளையாடும் பழைய வீடியோ கேம் மெஷின்கள் இருக்கின்றனவே, அலமாரி மாதிரி நிற்குமே, அவற்றைப் பழுது பார்ப்பது குசுமோத்தோவின் தொழில். அதிலும் திரைதான் அவருடைய கைவரிசை. அந்தக் காலத்து டிவி போல, பின்பக்கம் நீண்ட கண்ணாடிக் குழாய் உள்ள திரை. அதைச் சரிசெய்யும்போது மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். திருகுகள் எல்லாம் மெஷினின் முதுகுப் பக்கம், படம் தெரிவதோ முகப் பக்கம். ஆகவே இது இரண்டு பேர் வேலை. ஒருவர் பின்னால் நின்று திருகுவார். இன்னொருவர் முன்னால் நின்று "மேலே... கீழே... போதும்" என்று சொல்லுவார். தனியாகப் போகிறவர்கள் எதிரே ஒரு கண்ணாடியை நிறுத்தி அதில் பார்த்துக்கொள்வார்கள். குசுமோத்தோவுக்குக் கண்ணாடி தேவைப்பட்டதே இல்லை. மிசாவோ இருந்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் முன்னால், இவர் பின்னால். வீட்டிலும் அதே வரிசைதான் என்று எய்ஜி கேலி செய்வான்.

அன்றைக்கு மிசாவோவுக்குக் காய்ச்சல். தொண்டை கட்டிக்கொண்டு குரல் காற்றாக வந்தது.

"தனியா போகாதீங்க. முன்னாடி யாரு நிப்பா?"

"அங்க ஒரு அண்ணன் இருக்கார். உன்னைவிட பொறுமையா சொல்லுவார்."

"சொல்லுவார், சொல்லுவார். இடது கை எங்க இருக்கணும்?"

"பைக்குள்ளம்மா, பைக்குள்ள."

அது அந்தத் தொழிலின் சட்டம். வலது கை மெஷினுக்குள் போனால் இடது கை கால்சட்டைப் பைக்குள் போய்விட வேண்டும். இரண்டு கையும் உள்ளே போய், ஒன்று இரும்புச் சட்டத்தைத் தொட்டுவிட்டால், மின்சாரம் ஒரு கையில் ஏறி நெஞ்சைக் கடந்து மறு கையில் இறங்கும். அப்புறம் வேலை டாக்டருக்குக்கூட இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தது ஒரு வெந்நீர் ஊற்று விடுதி. வாரநாளில் ஈ, காக்கை கிடையாது. காவலுக்கு ட்சுனேஜி என்ற பெரியவர் மட்டும். வாயாடி. முள்ளங்கி ஊறுகாயும் டீயும் கொடுத்துவிட்டு, மெஷினைக் காட்டினார். விமானத்தைச் சுடும் பழைய விளையாட்டு. திரையில் படம் இல்லை. நட்டநடுவில் குறுக்கே ஒரே ஒரு வெள்ளைக் கோடு... அவ்வளவுதான்.

"கண்ணை மூடிக்கிட்டு கிடக்கு பாருங்க தம்பி. எத்தனை தடவை எழுப்பினாலும் திரும்பத் தூங்கிடுது. நாளைக்கு அந்தக் காலத்துப் பசங்க கும்பலா வராங்க. அதுல விளையாடத்தான் வராங்களாம்."

"எழுப்பிடலாம் அண்ணே."

மெஷின் நின்ற இடம்தான் சரியில்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு பொந்து. மூன்று பக்கம் சுவர், தலைக்கு மேல் சரிந்த படி. நாலாவது பக்கத்தை அடைத்துக்கொண்டு மெஷின். இருவரும் சேர்ந்து அதை முன்னால் இழுத்தார்கள். ட்சுனேஜி சக்கரங்களுக்குக் காலால் பிரேக் போட்டார். குசுமோத்தோ பக்கவாட்டில் புகுந்து பின்னால் போய் நின்றார். பிளக்கு வெளியே, வரவேற்பு மேஜை பக்கத்துச் சுவரில்.

பிளக்கைப் பிடுங்கச் சொல்லிவிட்டு, முதுகுப் பலகையைக் கழற்றினார். சூடேறிய தூசு வாசனை. நீளத் திருப்புளியைக் குழாயின் ரப்பர் மூடிக்கு அடியில் செருகி, தேங்கிய மின்சாரத்தை இறக்கினார். சட்... ஒரு நீலப் பொறி. உள்ளே மின்சுற்றுப் பலகையில் ஈயப் பற்று ஒன்று வட்டமாக விரிசல் விட்டிருந்தது. பக்கத்துப் பற்றுகளைப் பார்த்து அவருக்கே பொறாமை வந்தது. யாரோ நல்ல கைகாரர் முன்பு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் முத்துமுத்தாக வைத்திருந்தார். ஒன்றை மட்டும் பாதியில் விட்டிருந்தார். குசுமோத்தோ அந்த ஒன்றைச் சூடுகாட்டி ஒட்டினார்.

"போடுங்க அண்ணே."

வெளியே பிளக்கு ஏறியது. ஙொய்ங்... என்று மெல்லிய ஓசை. அதோடு விளையாட்டின் இசையும் காதைப் பிளந்தது. ட்சுனேஜி முன்னாலிருந்து ஏதோ கத்தினார். படம் வந்துவிட்டது என்கிறார்போல என்று எண்ணி, வலது கையைத் தோள்வரை உள்ளே விட்டார் குசுமோத்தோ. இடது கை பைக்குள். பிளாஸ்டிக் திருப்புளி, படத்தின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகின் மேல் உட்கார்ந்தது.

"எப்படி இருக்கு அண்ணே?"

"மேல இன்னும் கொஞ்சம்."

திருகினார்.

"இன்னும்... மேல் விளிம்பு ஒரு நூல் இறங்கட்டும். ஆங். இப்ப இடப்பக்க மூலை இழுக்குது."

குசுமோத்தோ சிரித்துவிட்டார். மிசாவோவுக்கே மூலை இழுப்பது தெரிய வருஷக்கணக்கு ஆயிற்று. காவல்கார மனிதருக்கு என்ன கண்! சொன்னபடி திருகிக்கொண்டே போனார். குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே வந்தது. அதற்கு அவசரமே இல்லை. நெஞ்சில் மெஷினின் விளிம்பு லேசாக இடித்தது. தானே சாய்கிறோம் என்று நினைத்தார்.

கீச்...

"தள்ளாதீங்க அண்ணே. இடம் இல்லை."

"இன்னும் கொஞ்சம் உள்ள."

கீச்... கீச்... முதுகு சுவரில் ஒட்டியது. விளிம்பு விலாவில் அழுந்தியது. வலது கையை இழுத்துப் பார்த்தார். முழங்கையை மடக்க இடமில்லை. எலிப்பொறியில் வால் மட்டும் வெளியே தெரியுமே, அந்தக் கணக்கு. மூச்சைப் பாதிதான் இழுக்க முடிந்தது.

"அண்ணே! பிளக்கைப் பிடுங்குங்க. மாட்டிக்கிட்டேன்."

இசை மட்டும் நின்றது, ஙொய்ங் நிற்கவில்லை. அந்த அமைதியில்தான் அவருக்கு அது கேட்டது. சரக்... சரக்... முதுகுச் சுவருக்கு அந்தப் பக்கம், வெளியே, யாரோ பனியை வாரிக்கொண்டிருந்தார்கள். கூடவே ஒரு பழைய பாட்டு, சுதி சேராமல். அது ட்சுனேஜியின் குரல்.

அப்படியானால் முன்னால் நிற்பது யார்?

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். குசுமோத்தோ அரளுகிற ஆள் இல்லை. மெஷினின் அந்தப் பக்கத்திலிருந்து, வாயைத் திரையோடு ஒட்டிவைத்துப் பேசுவதுபோல, குரல் வந்தது.

"இடது கை... பைக்குள்ள இருக்கு."

முன்னாலிருந்து அது தெரியாது. எந்த மனிதருக்கும் தெரியாது.

"அதையும் உள்ள விடு. சட்டத்தைப் பிடிச்சு ஒரு தள்ளு. வெளிய வந்துடலாம்."

கொடுமை என்னவென்றால், சொன்னது உண்மை. இரண்டு கையாலும் உந்தினால் மெஷின் நகரும். ஆனால் மெஷினின் வெளிப்பக்கம் முழுக்க அவர் நெஞ்சோடு அழுந்திக் கிடந்தது. பிடிப்பதற்குக் கிடைத்தது உள்ளே இருந்த இரும்புச் சட்டம் மட்டும்தான். வலது கைக்கு விரல் அகலத்தில் மின்சாரம் ஙொய்ங் என்று பாடிக்கொண்டிருந்தது. விலா வலித்தது. இடது கை தானாகவே பையிலிருந்து பாதி எழுந்துவிட்டது, அவர் சொல்லாமலே. அதை அவர் வாய்விட்டுத் திட்டி உள்ளே அனுப்பினார்.

பைக்குள் விரலில் போன் தட்டுப்பட்டது. மடக்கு போன். கட்டைவிரலால் திறந்து, கடைசியாகப் பேசிய எண்ணுக்கு அழுத்தினார். பையைப் பார்த்துக் கத்தினார்.

"மிசாவோ! மெஷினுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டேன். கரண்ட் ஓடுது. கை உள்ள இருக்கு."

பைக்குள்ளிருந்து அந்தக் காற்றுக் குரல்.

"அசையாதீங்க. இடது கையை எடுக்காதீங்க, கேக்குதா? யாரு என்ன சொன்னாலும் எடுக்காதீங்க. நான் விடுதி நம்பருக்குப் போட்டு பிளக்கைப் பிடுங்கச் சொல்றேன்."

"வைக்காதடி..."

வைத்துவிட்டாள். வைத்தால்தானே அங்கே கூப்பிட முடியும். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே குரல் போய்விட்டது. அப்போது அழுதேன் என்று குசுமோத்தோ வெட்கப்படாமல் சொல்லுவாராம்.

வரவேற்பு மேஜையில் போன் மணி அடித்தது. ஒரு தடவை... இன்னொரு தடவை... நின்றது. ரிசீவரை எடுக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது. அப்பாடா என்று மூச்சு வந்தது அவருக்கு. ட்சுனேஜி உள்ளே வந்துவிட்டார்.

முதுகுக்குப் பின்னால், சரக்... சரக்... பனி வாரும் சத்தம் நிற்கவே இல்லை.

ரிசீவர் வைக்கப்பட்டது. அதன்பின் முன்னாலிருந்து ஒரு பேச்சும் இல்லை. கீச் என்று மெஷின் இன்னும் ஒரு நூல் நெருங்கியது. அவரிடம் மிச்சமிருந்தது வலது குதிகால். அதைத் தூக்கிப் பின்சுவரில் உதைத்தார். சரக் நின்றது. பிறகு மறுபடி ஆரம்பித்தது. மறுபடி உதைத்தார். குதிகால் தோல் கிழியும்வரை உதைத்தார். ஒரு கட்டத்தில் பாட்டும் நின்றது. அப்புறம் கதவு, காலடி, ஒரு இழுப்பு. ஙொய்ங் ஓசை அணைந்தது. இருட்டில் ட்சுனேஜியின் டார்ச் வெளிச்சம்.

"மரநாய் பொந்துல பூந்துடுச்சுன்னு நெனச்சேன் தம்பி. என்னய்யா இது, யாரு இதை இப்படித் தள்ளினது?"

மனிதர் குனிந்து சக்கரங்களைப் பார்த்தார். பிரேக்குகள் அவர் போட்டபடியே இருந்தன. ஒவ்வொன்றாகக் காலால் தட்டி விடுவித்து மெஷினை இழுத்தார். குசுமோத்தோ சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். வலது கை மரத்துப் போயிருந்தது. இடது கையைப் பையிலிருந்து எடுக்க அப்போதும் அவருக்கு மனம் வரவில்லை.

"சொல்லாம எங்க அண்ணே போனீங்க?"

"சொல்லிட்டுத்தானே போனேன்? கூரைப்பனி விழுந்து வாசலை அடைச்சிருச்சு, வாரிட்டு வரேன்னேன். 'சரி, போங்க'ன்னு உள்ளேர்ந்து பதில் வந்துச்சே."

குசுமோத்தோ சுவரைப் பிடித்து எழுந்தார். கருவிகளை அங்கேயே போட்டுவிட்டு வேனில் ஏறினார். மலை இறங்கும்வரை வானொலியை வைக்கவில்லை. எந்தக் குரலும் வேண்டாம் என்று இருந்ததாம்.

வீட்டு வாசலில் மிசாவோ போர்வையைப் போர்த்திக்கொண்டு நின்றிருந்தாள். திட்டினாள், அழுதாள், இடது கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. உள்ளே போய், சூடாகக் கஞ்சி குடித்தபிறகுதான் குசுமோத்தோ கேட்டார்.

"விடுதிக்குப் போட்டியே... யாரு எடுத்தா?"

"ஒரு ஆம்பளைக் குரல். ரொம்ப மரியாதையா பேசினார். 'ஐயா, என் வீட்டுக்காரர் அந்த மெஷினுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டார், பிளக்கைப் பிடுங்கிடுங்க'ன்னேன். மூச்சு மட்டும் கேட்டுச்சு, பாதி பாதியா."

"அப்புறம்?"

மிசாவோ அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"'நானும்தாம்மா'ன்னார். 'நானும் இங்க பின்னாடிதான் இருக்கேன். என் வீட்டுக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுறீங்களா... சாப்பிடாம உக்காந்திருப்பாங்க.'"