காய்ந்த துணி

— கையை எடு! ஏய், முந்தானையால தொடாதேன்னு சொல்றேன்ல!

— ஏன் அண்ணே கத்துறே? உனக்கு ஒத்தாசையா இருக்கட்டுமேன்னு கதவை ஒரு துடைப்பு துடைச்சேன். இந்தக் காரைத் துடைச்சு முடிச்சாதானே தங்கச்சி பேச்சு உன் காதுல ஏறும்.

— காய்ஞ்ச துணி இதுமேல படவே கூடாது. இங்க வா. குனிஞ்சு, வெயில் அடிக்குற பக்கமா பாரு. தெரியுதா?

— முடி ஒட்டின மாதிரி கோடு கோடா இருக்கு.

— முடி இல்லை. நீ போட்ட கீறல். ஐயா பார்த்தா என் தோலை உரிச்சிடுவாரு.

— லேசாப் படிஞ்ச தூசி. தொட்டா மாவு மாதிரி மெத்துனு இருக்கு. இதுவா கீறிச்சு?

— பார்க்கத்தான் மாவு. நேத்து முழுக்க வண்டி ஐயாவோட கிரஷர் பக்கத்துல நின்னுச்சு. அங்க கல்லை உடைச்சுப் பறக்குறது இது. ஒவ்வொரு துணுக்கும் பிளேடு. முதல்ல தண்ணியைப் புகை மாதிரி தெளிக்கணும். தூசி ஊறி மேல எழும்புற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணும். அப்புறம் இந்த மெத்துத் துணியை நாலா மடிச்சு, அழுத்தாம, ஒரே பக்கமா இழுக்கணும். ஒரு இழுப்புக்கு ஒரு மடிப்பு. வட்டம் போட்டே, செத்தே.

— அண்ணியை ஒரு நாளாவது இவ்வளவு பதமாத் தொட்டிருப்பியா?

— உங்க அண்ணி கீறினா நான்தானே தாங்கணும், கார் எப்படித் தாங்கும்? தள்ளு, அந்தப் பக்கம் வரணும்... க்ஹும்... க்ஹும்...

— தண்ணி குடி.

— பனிம்மா. விடு.

— இந்தத் துடைக்குற வித்தையெல்லாம் யாரு சொல்லிக்குடுத்தா?

— யாரு, ஐயாதான். புது வண்டி வந்த அன்னிக்கே இந்தத் தூசியைப் பூதக்கண்ணாடி வச்சுக் காட்டினாரு. இது கண்ணாடியையே கீறும், டிரைவர்! தண்ணி இல்லாம தொட்டுடாதேன்னாரு.

— அப்படியா. அவர் வாயாலேயே சொன்னாரா?

— அந்தத் தண்ணி பாட்டிலை எடு. இது தீர்ந்துபோச்சு.

— உன் மச்சானும் தண்ணியைத்தானே கேட்டாரு. மெஷின் வாயில ஒரு குழாயைக் கட்டி லேசாத் தெளிச்சா போதும், தூசி பறக்காதுன்னு. ஈரமானா பொடி மெஷின்ல ஒட்டிக்கும், வேலை நிக்கும்னு உங்க ஐயா ஒரே பேச்சுல முடிச்சிட்டாரு. காருக்கு மட்டும் பன்னீர் தெளிப்பு.

— மெதுவா. ஜன்னல் திறந்திருக்கு.

— எங்க வீட்டு ஜன்னலும்தான் திறந்திருந்துச்சு. என் வீட்டுக்காரருக்கு மூச்சு பத்தலையே. படுக்க முடியாம தலையணையைக் கட்டிக்கிட்டு உக்காந்தவாக்கிலேயே போய்ச் சேர்ந்தாரு. இன்னிக்கு அவர் சாவு விசாரணையில அதிகாரி கேட்டா என்ன சொல்லப்போறே?

— அதான் உனக்குத் தெரியுமே.

— உன் வாயால கேக்கணும்.

— கிரஷர்ல பறக்குறது சாதாரண மண்ணு. மச்சானுக்கு பீடிப் பழக்கம்.

— பீடி! அடுப்புப் புகைக்கே மூக்கைப் பொத்திக்கிட்டு வாசலுக்கு ஓடுற மனுஷன்!

— விஷயம் என்னன்னா... நான் படுக்குற அறை அவரோடது. ஓட்டுற வண்டி அவரோடது. திங்குற சோறு அவரோடது. நான் வேற என்ன சொல்ல முடியும்?

— நீயும் அந்த மெஷின்கிட்ட வருஷக்கணக்கா நின்னவன்தானே. ஸ்டியரிங் கைக்கு வந்ததும், நீ நின்ன அதே இடத்துல அவரைக் கொண்டுபோய் நிறுத்தினே.

— நல்லதுன்னு நினைச்சுத்தான்மா.

— அதை விடு. நான் சண்டை போட வரலை. போனவர் வரப்போறதில்லை. இப்ப அந்த இடத்துல என் கொழுந்தன் நிக்குறான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா இமைகூட வெள்ளை. நீ இன்னிக்கு உள்ளதைச் சொன்னா மெஷினுக்குத் தண்ணி வரும். அவனாவது பிழைச்சுக் கிடப்பான்.

— சொல்லிட்டு நான் எங்கே போய்க் கிடக்குறது? இந்த வயசுல எவன் எனக்கு... க்ஹும்... க்ஹும்...

— இது பனி இருமலா? எத்தனை நாளா?

— அதெல்லாம் ஒண்ணுமில்லை. ஒதுங்கி நில்லு, ஐயா வராரு.

— டிரைவர், ரெடியா? பளிச்சுனு இருக்கணும். தூசி கேஸுக்குத் தூசியோட போய் நின்னா நல்லாவா இருக்கும்? இது யாரு?

— என் தங்கச்சி, ஐயா.

— ஓ, அந்தம்மாவா. பாவம். மனசைத் தேத்திக்கோம்மா, நம்ம கையில என்ன இருக்கு? டிரைவர், அங்க கேட்டா என்ன சொல்லணும்? ஒருதடவை சொல்லு பார்ப்போம்.

— சாதாரண மண்ணு. யாரையும் ஒண்ணும் பண்ணாது.

— அப்புறம்?

— மச்சானுக்கு பீடிப் பழக்கம்.

— அவ்வளவுதான். நெளியாம, குழையாம சொல்லணும், புரியுதா? ஏறு... இரு, இரு. கதவுல என்ன அது?

— எது ஐயா?

— கீறல்! எவன் காய்ஞ்ச துணியால தேய்ச்சது?

— ஐயா, நான்தான் தெரியாம...

— நீ சும்மா இரும்மா. நான்தான் ஐயா தேய்ச்சேன்.

— நீயா? உனக்கு அறிவு இருக்கா? எத்தனை தடவை தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்! இது மண்ணு இல்லைடா, கல்லு! அறுத்துடும்! உள்ளே இறங்கினா இறங்கினதுதான், எதைப் போட்டாலும் போகாது!

— டாக்டரும் இதேதான் சொன்னாரு, ஐயா.

— எந்த டாக்டர்? என்ன உளறுறே?

— போன வாரம் என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்த டாக்டர். மச்சான் படத்துல இருந்த அதே வெள்ளைதான். நான் பீடியைத் தொட்டதே இல்லைன்னு உங்களுக்கே தெரியும். ஏறுங்க ஐயா, விசாரணைக்கு நேரமாச்சு.