கிளி அத்தைக்கு எழுதிக் கொடுத்தவள்

குழந்தைகளுக்கு எழுதும்போது வாக்கியங்களைச் சின்னதாக வைத்துக்கொள்ள வேண்டும். உங்களுக்கும் அப்படியே சொல்கிறேன், ஐயா. எழுதிக்கொள்ள வசதியாக இருக்கும்.

கிளி அத்தை என்று யாரும் கிடையாது. அது பதிப்பகத்தின் சொத்து. யார் எழுதினாலும் அட்டையில் அந்தப் பெயர்தான். எனக்கு முன்னால் எழுதியவர் பெரிய மீசை வைத்த ஒரு கணக்கு வாத்தியார்.

"அத்தைக்கு மீசை இருக்குன்னு தெரிஞ்சா எந்தப் புள்ளைம்மா புத்தகத்தைத் தொடும்? வீட்டுலகூட மூச்சு விடக்கூடாது" என்று முதலாளி முதல் நாளே சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். வாத்தியார் இறந்த பிறகு அவர் மனைவி வந்து, ஒரே ஒரு புத்தகத்திலாவது அவர் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டு நின்றார். நான் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்தேன். நிமிரவில்லை.

பிறகு பள்ளிக்கூடங்கள் அத்தையை நேரில் பார்க்க வேண்டும் என்றன. முதலாளி நாடகத்தில் நடித்துக்கொண்டிருந்த ஒருத்தியைக் கூட்டிவந்தார். நரைத்த டோப்பா, வட்டக் கண்ணாடி, பச்சைச் சால்வை. சொந்தமாக அவளுக்கு ஒரு வரி வராது. எங்கே சிரிக்க வேண்டும், எங்கே இரும வேண்டும், எப்போது ஒரு குழந்தையை அணைத்துக்கொள்ள வேண்டும் என்பதுவரை நான்தான் எழுதிக் கொடுப்பேன். எழுதியதை இம்மி பிசகாமல் செய்வாள். நல்ல உழைப்பாளி. அதை நான் மறுக்க மாட்டேன்.

என் மகள் இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். அவள் பள்ளிக்கும் அத்தை போனாள். அன்று மாலை மகள் முதுகுப்பையைக்கூடக் கழற்றவில்லை. "அம்மா, அத்தை என்னையத்தான் கட்டிப் புடிச்சாங்க!" என்றாள். இரவு ஊட்டிவிடும்போது என் கதை ஒன்றைச் சொன்னேன். பாதியில் வாயை மூடிக்கொண்டாள்.

"போம்மா. அத்தை கதையைத் திருடிச் சொல்ற. உனக்கு அவங்க மாதிரி வராது."

நான் தட்டைக் கழுவினேன். வெகுநேரம் தேய்த்துக் கழுவினேன். கோபமா என்று கேட்கிறீர்கள். கோபக்காரி தட்டை உடைத்திருப்பாள்.

அடுத்த விழா நூலகத்தின் மாடியில். எங்கே எப்படி நடக்க வேண்டும் என்று எழுதுவதற்காக, எப்போதும்போல் முந்தின நாளே இடத்தைப் பார்க்கப் போனேன். கீழ்க்கூடத்தைப் பார்த்த மாடி அது. ஒரு பக்கக் கைப்பிடிக் கம்பியைப் பழுதுபார்க்கக் கழற்றியிருந்தார்கள். அந்த இடைவெளியை அத்தையின் பெரிய படம் போட்ட துணியால் மறைத்து, அதற்கு முன்னால் மேடை போட்டிருந்தார்கள்.

"ஓட்டை தெரியுதா பாருங்க" என்று முதலாளி பெருமைப்பட்டார். தெரியவில்லை என்றேன்.

வீட்டுக்கு வந்து, கூண்டிலிருந்து கிளி தப்பும் காட்சியைக் கடைசியில் சேர்த்தேன். கண்களை மூடவும். கைகளை விரிக்கவும். சிரித்தபடி பின்னால் நடக்கவும். நிற்க வேண்டாம்.

விழாவன்று ஒப்பனை போடும்போது அவள் கேட்டாள். "அக்கா, பின்னாடி என்ன இருக்கு? விழுந்து கிழுந்து வைக்கப்போறேன்."

"உன் படம் போட்ட துணிதான்" என்றேன். அது பொய் இல்லை.

"அப்போ என் மேலயே சாஞ்சுக்கலாம்னு சொல்லுங்க!" கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

எழுதியபடியே செய்தாள். துணி விலகி வழிவிட்டது. கிளி பறந்துவிட்டது என்று குழந்தைகள் கைதட்டினார்கள். முன்வரிசையில் என் மகள்தான் கடைசிவரை தட்டினாள், கீழேயிருந்து யாரோ அலறும்வரை.

ஆமாம், கொல்வதற்காகத்தான் எழுதினேன். ஆனால் நான் கொன்றது ஒரு பெயரை. அன்றைக்கு அதை அவள் போட்டுக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். இதை உங்களுக்குப் புரியவைக்க முடியாமல் போகலாம். என் மகளுக்குப் புரியும் என்று நினைத்தேன். நீங்கள் வருவதற்குச் சற்று முன்புதான் அவளை அருகில் உட்காரவைத்துச் சொன்னேன்.

"நான்தான்டா கண்ணு கிளி அத்தை. கதையெல்லாம் அம்மா எழுதினது. அவங்க பேசினது, செஞ்சது, எல்லாமே அம்மா எழுதிக் குடுத்ததுதான்."

"பின்னாடி நடந்ததுமா?"

கெட்டிக்காரக் குழந்தை. "அதுவும்தான்" என்றேன்.

ஓடிவந்து கட்டிக்கொள்வாள் என்று கையை விரித்தேன். அவள் எழுந்தாள். என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், சுவரில் முதுகு இடிக்கும்வரை பின்னால் நடந்தாள்.

அதை நான் எழுதிக் கொடுக்கவில்லை, ஐயா.