டகோட்டாவுக்குக் காத்திருந்த தாலி

இன்றைக்குக் கேசரி நன்றாக அமைந்துவிட்டது சார். முந்திரிக்குக் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம் என்று சமையல்காரரிடம் நான்தான் சொல்லியிருந்தேன். மூத்த மகள் வர்ஷாவின் கல்யாணம். அப்பன் ரகுநாதன் குறை வைத்தான் என்று நாளைக்கு ஒருத்தர் சொல்லிவிடக் கூடாது.

டகோட்டா உங்களுக்குத் தெரிந்திருக்காது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டு விசிறி சுற்றும் பழைய பயணிகள் விமானம். ஆவடியில் நானும் சம்பந்தமும் இன்னும் நாலைந்து பேரும் அதற்கு ரசிகர்கள். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. விசிறி விமானச் சத்தம் கேட்டால், கையில் இருப்பதை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய், அது மறையும்வரை நிற்க வேண்டும். வர்ஷா பிறந்த அன்றும் அப்படித்தான் நின்றேன். என் மனைவி சௌம்யா அதை இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள்.

கல்யாணத்துக்கு முதல் நாள் சம்பந்தம் போன் செய்தான். பழுது பார்த்த டகோட்டா ஒன்று மறுநாள் காலை பூந்தமல்லி மேலே போகிறதாம். "அண்ணாத்தே, உன் மண்டபத்துக்கு நேர் மேலதான் வருது. இன்னா யோகம்யா உனக்கு" என்றான். முகூர்த்தமும் அதே நேரம்தான்.

நியாயமாக யோசித்துப் பாருங்கள். கெட்டிமேளம் கொட்டினால் எஞ்சின் சத்தம் காதில் விழாது. தாலி கட்டும்போது பெண்ணின் அப்பா மொட்டை மாடியில் நிற்பதும் அழகில்லை. அதை உணர்ந்துதான், தாலி கட்டுவதைக் கொஞ்சம் தள்ளிவைத்தேன்.

தேங்காய் மேல் தாலியை வைத்துப் பூவால் மூடி, பெரியவர்கள் ஆசீர்வாதத்துக்குத் தட்டைச் சுற்றிக் கொண்டுவருவார்கள் அல்லவா. கொண்டுவந்தவள் என் அக்கா புஷ்பா. முதலில் என்னிடம்தான் நீட்டினாள். மனசார ஆசீர்வதித்தேன். தாலியை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அப்புறம் மண்டபமே வெறும் பூவைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

ஐயர் பூவை விலக்கினார். "அப்பா, தாலி எங்கப்பா?" என்றாள் வர்ஷா.

"பதறாத கண்ணு, நான் மாடில தேடிட்டு வரேன்" என்றேன்.

மாடியில் சம்பந்தம் செல்போனைத் தூக்கிப் பிடித்து நின்றான். கடகடவென்று வந்தது சார் அந்தச் சத்தம். மேகத்தில் விமானம் தெரியவில்லை. டீசல் வாடைகூட அடித்தது, பழைய எஞ்சின் என்றால் அப்படித்தான். "வந்துகினு கீது அண்ணாத்தே" என்று அழுதான். நானும் அழுதேன். மகள் கல்யாணத்தில் அப்பா அழுவது சகஜம்தானே.

கீழே வந்தபோது முகூர்த்தம் முடியும் தறுவாயில் இருந்தது. தாலி எங்காவது கிடைத்தாக வேண்டும். அக்காவின் கைப்பை நாற்காலியில் திறந்து கிடந்தது. அதில் போட்டு, நானே கண்டெடுத்தேன். கடைசி நேரத்தில் மகள் கழுத்தில் தாலி ஏறிவிட்டது.

சம்பந்தி ஜெயராமன்தான் விடவில்லை. "அத்தையே தாலியை எடுத்தா, நாளைக்கு எங்க ஊட்ல இன்னா இன்னா காணாம போவுமோ" என்று அக்காவை இங்கே ஸ்டேஷனுக்கு இழுத்துவந்துவிட்டார். எனக்கு முதல் பொம்மை விமானம் வாங்கித் தந்தவள் அவள். காலையிலிருந்து உங்கள் பெஞ்சில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

அப்போதும் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. மாலையும் கழுத்துமாக வர்ஷா வந்தாள். என் சட்டைப் பையையே பார்த்தாள். புதுத் தாலிக்கயிற்றின் மஞ்சள் அதில் அப்பியிருந்தது. போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அது சுட்டது சார். ஆமாம், எடுத்தவன் நான்தான்.

சற்றுமுன் சம்பந்தம் மாடியில் செல்போனில் எடுத்த பதிவை அனுப்பினான். போட்டுக் கேட்டேன். நடுவில் யாரோ, "டீசல் ஊத்துடா, ஜெனரேட்டர் நின்னுடப் போவுது" என்கிறான். வானிலை சரியில்லை என்று டகோட்டா கிளம்பவே இல்லையாம். நாளைக் காலைதான் வருகிறதாம்.

எனக்கு விமானப் பைத்தியம் என்கிறாள் சௌம்யா. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அக்காவை அனுப்பிவிடுங்கள், என்னை எத்தனை நாள் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் சார், இந்த ஸ்டேஷனுக்கு மொட்டை மாடி உண்டா?