மூடியைத் திறக்கக் கூடாத நாட்கள்

வீட்டில் இன்குபேட்டர் வைத்துக் குஞ்சு பொரிக்க நினைப்பவர்கள், அதைச் சும்மா சும்மா திறந்து பார்க்கிற ஆசையை முதலில் விட்டுவிட வேண்டும். நான் விட்டுவிட்டேன். என் மாமனாரால்தான் முடியவில்லை.

அவரைப் பற்றித் தப்பாக எதுவும் சொல்ல மாட்டேன். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், வாய் ஓயாதவர். என் கணவர் வேலைக்காக வெளிநாடு போனபின் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். பெட்டியைச் சமையலறை மேசையில் வைத்த அன்றே, "அம்மா இல்லாம பிள்ளையா? நல்ல கூத்தும்மா இது" என்று சிரித்தார். அப்புறம் அதைவிட்டு நகரவில்லை. நான் துணி காயப்போடப் போனால் போதும், மூடியைத் திறந்து முட்டைகளோடு பேச ஆரம்பித்துவிடுவார். கேட்டால், "தனியா கெடக்குதுங்களேன்னு பார்த்தேன்" என்பார்.

முதல் முறை ஒன்றுகூடப் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தேன். முழுதாக உருவாகி, இறகு முளைத்து, உள்ளேயே செத்துக் கிடந்தன. அவரே குழி தோண்டிப் புதைத்தார். சண்டை போடுகிற சுபாவம் எனக்கில்லை.

இரண்டாம் முறை, கடைசி நாட்கள் நெருங்கின. அப்போது மூடியைத் திறக்கவே கூடாது. ஈரம் போய்விட்டால் ஓட்டுக்குள் இருக்கும் சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். தலையாட்டினார். படுக்கப் போனதும் அவர் அறைக் கதவை வெளியே தாழிட்டேன். நீங்கள் கேட்ட தாழ்ப்பாள் அதுதான், இன்ஸ்பெக்டர். சாப்பாடு, தண்ணீர் எல்லாம் உள்ளே வைத்திருந்தேன். குளியலறையும் அந்த அறைக்குள்ளேயே இருக்கிறது. நெஞ்சுவலி மாத்திரை மட்டும் ஃபிரிட்ஜ் மேல் இருந்தது. அது அங்கே இருந்தது எனக்குத் தெரியும்.

மறுநாள் மதியம் முட்டைகளில் விரிசல் விழுந்தது. உள்ளிருந்து மெல்லத் தட்டுகிற சத்தம் கேட்டது. அவர் அறைக் கதவும் தட்டப்பட்டது.

"அம்மாடி, கதவத் திற. நெஞ்சப் பிசையுது."

"கொஞ்சம் பொறுங்க மாமா. குஞ்சு வெளிய வந்துட்டு இருக்கு."

"எத்தனை வந்திருக்கு?" என்றார். அந்த நிலையிலும் கேட்டார்.

"ரெண்டு."

"அப்படியா" என்றார். பிறகு மறுபடியும் தட்டினார். இந்த முறை சத்தம் கதவின் அடிப்பக்கத்திலிருந்து வந்தது.

தூக்கத்திலேயே போய்விட்டார் என்று கணவரிடம் சொன்னேன். அவர் நம்பினார். நானாகவே இந்த ஸ்டேஷனுக்கு வந்தது அந்தத் தட்டுகிற சத்தத்தால்தான். அந்த அறைக் கதவை இப்போது நாள் முழுக்கத் திறந்தே வைக்கிறேன். ஆனாலும் மதியமானால் தட்டுகிறார். கதவு திறந்திருப்பது அவருக்குத் தெரியவில்லை போலும்.

எழுதிக்கொள்ளுங்கள், கடைசிவரை நான் சமையலறையில்தான் இருந்தேன். ஒரு குஞ்சு ஓட்டை உடைக்க முடியாமல் திணறிக்கொண்டிருந்தது. அலகு மட்டும் வெளியே தெரிந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. மனசு கேட்காமல் மூடியைத் திறந்தேன். வெதுவெதுப்பான தண்ணீரில் விரலை நனைத்து, ஓட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உரித்து, அதை வெளியே எடுத்தேன். எடுத்து முடிக்கும்வரை மாமா தட்டிக்கொண்டுதான் இருந்தார்.

எனக்கு எப்போதுமே இளகிய மனசு.