அறையோடு சேர்ந்த குளியலறை

குளியலறை கட்டுவதென்றால் முதலில் நிலத்தின் சரிவைப் பார்க்க வேண்டும், மக்களே. இன்று காலை, அடக்கம் செய்ய முன், என் மகள் ஸல்ஹாவின் மையித்தை அவள் அறைக் குளியலறையில்தான் குளிப்பாட்டினீர்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கவில்லை. உடம்பில் ஒரு அடையாளமும் இல்லையே, இத்தனை வருடமாக என்ன நோய் என்று உங்களோடு நின்று குளிப்பாட்டிய லைலா கேட்டாள். எனக்கும் களைத்துவிட்டது. சொல்லிவிடுகிறேன்.

வெள்ளைக்காரக் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போகும்வரை நான் ஒரு அதிகாரியின் பங்களாவில் சமைத்தேன். படுக்கையறைக்குள்ளேயே கதவு வைத்த குளியலறையை அங்கேதான் கண்டேன். எங்கள் தெருவில் கக்கூஸ் வளவின் கடைசியில், கிணறு வேலியோரம். அறைக்குள் அதைக் கட்டினால், எழும்ப ஏலாத நோயாளி இருக்கிறார் என்றுதான் ஊர் நினைக்கும்.

ஸல்ஹாவுக்கு அப்போது பதினேழு. வாப்பா இல்லாத பிள்ளை. நம்மிடம் வீடு சீதனமாகப் பெண்ணுக்குத்தானே. நிக்காஹ் முடிந்தால் மருமகன் இந்த வீட்டுக்கே வந்துவிடுவார், தாய் குசினி அடுப்புப் பக்கம் பாயை நகர்த்த வேண்டும். என் உம்மா அப்படித்தான் நகர்ந்தா. மௌத்தாகி மண்ணுக்குப் போகும்வரை என்னிடம் கேட்டுத்தான் தேத்தண்ணி ஊற்றினா.

ஸல்ஹாவின் அறைக்குள்ளேயே கட்டச் சொன்னேன், மேசன் முனாப் நன்றாகவே கட்டித் தந்தார். பெண் கேட்டு வந்தவர்கள் அறையை எட்டிப் பார்த்தார்கள், தேத்தண்ணியைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினார்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வீட்டார் போன பிறகு அவள் கேட்டாள்.

"உம்மா, எனக்கு ஒண்டுமில்லையெண்டு சொல்லுங்களன். இல்லாட்டி நானே போய்ச் சொல்லுவன்."

மறுநாள் முனாப்பைக் கூப்பிட்டு, அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி வெளிப்பக்கம் பொருத்தச் சொன்னேன்.

"என்ன ராத்தா, உள்ளுக்கு மாடா கட்டப் போறீங்க?"

"பிள்ளைக்குச் சுகமில்ல தம்பி. பூட்டுங்க."

அந்த ஒரு பொய்தான்.

பதினெட்டு வருடம். சாப்பாடு நேரத்துக்குப் போனது. அவள் குளிக்க வாசச் சவர்க்காரம்தான் வாங்கினேன். போன கிழமை உண்மையாகவே காய்ச்சல் வந்தது. டொக்டர் வந்தால் பழைய நோய் என்னவென்று கேட்பார், அதனால் கூப்பிடவில்லை. மூன்று நாள் கதவைத் தட்டினாள். நாலாம் நாள் தட்டவில்லை.

அவளுக்கு ஒரு நோயும் இருக்கவில்லை, லைலா. நான்தான் இருந்தேன்.

ஆனாலும் நீங்களே சொல்லுங்கள் மக்களே. இந்தத் தெருவில் எந்தப் பெண்பிள்ளை, ஒரு நாளாவது மழையில் நனைந்து கிணற்றடிக்குப் போகாமல் வாழ்ந்தாள்?